நிற்கும்போது ஏறிய சூடு

போன வருடம் ஜூலை. வேலை முடிந்து துபாயிலிருந்து ஷார்ஜா திரும்பிக்கொண்டிருந்தேன். அல் இத்திஹாத் சாலையில் வழக்கமான நெரிசல், வெளியே 44 டிகிரி. முதலில் ஏசி காற்று வெதுவெதுப்பானது. கொஞ்ச நேரத்தில் கூலண்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் நடுவை விட்டு மேலே நகர ஆரம்பித்தது.

ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். அந்த வெயிலில் அது கொடுமைதான். ஆனால் ஹீட்டருக்குள் ஓடுவதும் அதே கூலண்ட் என்பதால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். முள் நின்றது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஓரம் கட்டினேன். அந்த நேரத்தில் கூலண்ட் மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. தண்ணீரும் கூலண்டும் சரிபாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடிக்குள் இருக்கும் அழுத்தம்தான் 120-க்கு மேலேயும் அதைக் கொதிக்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சூட்டோடு திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

என் வண்டி இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏசி கேஸைக் குளிர்விக்கும் ஒரு கன்டென்சர், பின்னால் ஒரு மின்விசிறி. கூலண்ட் பின்னாலிருந்து முன்னால் வந்து குளிர்ந்து, மறுபடி பின்னால் போக வேண்டும்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில், சூட்டுக்கேற்பக் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். ஹைவேயில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரி. மூன்றாம் நாள் மாலை நெரிசலில் மறுபடி அதே கதை. அப்புறம்தான் வண்டியின் கணினியிலிருந்து விவரங்களைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றை வாங்கி மாட்டி, உண்மையான எண்ணைப் போனில் பார்க்கத் தொடங்கினேன். இந்த வண்டியின் முள் வெப்பத்தை அப்படியே காட்டாது. 85-க்கும் 100-க்கும் அது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறது. முள் நகர்ந்து நாம் கவனிப்பதற்குள் எஞ்சின் நன்றாகவே சூடாகியிருக்கும்.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அண்ணே, ஓடும்போது சூடாகுதா, நிக்கும்போது சூடாகுதா?"

நூறு கிலோமீட்டர் வேகத்தில் 88 டிகிரி. சிக்னலில் நின்றால் 105, பிறகு முன்னால் பெரிய இரைச்சலோடு ஃபேன் சுற்றி 98-க்கு இறங்கும், மறுபடி ஏறும். ஓடும்போது சூடானால் தண்ணீர் பம்பையோ உள்ளே அடைத்த ரேடியேட்டரையோ சந்தேகப்படலாம். வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டர் வழியாகப் பாய்கிறது, நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்தாக வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குச் செலவழிக்கும் முன் இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஆறியிருந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடச் சொன்னார். ஏசி போட்டவுடன் இரண்டு மூலையிலும் ஃபேன் மெதுவாகச் சுற்ற வேண்டும். பம்பர் ஓட்டையில் காதை வைத்துக் கேட்டோம். இரண்டு பக்கமும் சத்தமே இல்லை.

ஒவ்வொரு ஃபேனுக்கும் இரண்டு வேகம். அதிக வேகத்துக்கு மின்சாரம் நேரடியாகப் போகிறது, குறைந்த வேகத்துக்கு மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அதிக வேகம் வருகிறது என்றால் மோட்டாரில் பழுதில்லை. குறைந்த வேகத்துக்குத் தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருக்கிறது, அதையும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம், பலனில்லை. மீதி இருந்தது ரெசிஸ்டர்தான். பம்பரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தபோது இரண்டிலும் இணைப்பே காட்டவில்லை. ரோட்டுத் தண்ணீரும் கடற்காற்றின் உப்பும் படும் இடம் அது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் உள்ளே இருக்கும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போயிருக்கிறது. எந்தப் பக்கம் எப்போது போனதோ, வண்டியில் ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை.

கன்டென்சரின் போல்டுகளைக் கழற்றி, கேஸ் குழாயைப் பிரிக்காமல் முன்னால் சாய்த்தோம். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு கைப்பிடி குப்பை: மணல், காய்ந்த இலை, பாலித்தீன் பை. வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கன்டென்சர்தான் தெரியும், இந்த இடம் தெரியவே தெரியாது. குறைந்த வேகத்தில் ஃபேன் சுற்றவில்லை, அதிக வேகத்தில் சுற்றியபோதும் காற்று பாதிதான் போயிருக்கிறது. குப்பையைக் கையால் எடுத்துவிட்டு, மெல்லிய தகடுகள் மடங்காதபடி பைப் தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் பின்பக்கமிருந்து விட்டுக் கழுவினோம்.

பழைய ரெசிஸ்டரின் அதே அளவில் வெளிச்சந்தையில் ஒரு ஜோடி கிடைத்தது. அது காற்று படும் இடத்தில் இருந்தால்தான் தாங்கும், அதனால் பழைய இடத்திலேயே பொருத்தினோம். ரெசிஸ்டரே வேண்டாம், நேராக இணைத்துவிடலாம் என்று பக்கத்துக் கடையில் ஒருவர் சொன்னார். எலக்ட்ரீஷியன் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் ஓடிச் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

ஆகஸ்டில் அதே சாலை, அதே நெரிசல், ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. எண் 97-க்குப் போய் அங்கேயே நின்றது. முக்கால் மணி நேரத்தில் அதிக வேக ஃபேன் ஒருமுறைகூட வரவில்லை.

இப்போது மே மாதத்திலும் அக்டோபரிலும் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். இந்த மே மாதம் திறந்தபோது வலது பக்கத்தில் ஒரு பேரீச்ச ஓலைத் துண்டு செருகிக்கொண்டிருந்தது.