புளித்த பால் ஊற்றிய தரை

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஆல்ஃபிரிஸ்டன் என்று ஒரு கிராமம், அங்கே 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கூரை வீடு இன்னும் நிற்கிறது. பெயர் கிளர்ஜி ஹவுஸ். எனக்குப் பிடித்தது அதன் தரைதான். சுண்ணப்பாறைக் கட்டிகளைக் கொட்டி இடித்து இறுக்கி, மேலே புளித்த பாலை ஊற்றிப் பூசியிருக்கிறார்கள், சிமென்ட்டாவது ஒன்றாவது!

வீட்டின் எலும்புக்கூடு மொத்தமும் ஓக் மரச்சட்டம். சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பினால் சுவர் தயார், அதாவது பாரத்தைத் தாங்குவது மரம்தான், சுவர் சும்மா மறைப்பு. நடுவில் கூரை வரை திறந்த ஒரே பெரிய கூடம். அந்தக் காலத்து இந்த மாதிரிக் கூடங்களில் அடுப்பு தரையின் நடுவிலேயே எரியும், புகைபோக்கி கிடையாது, புகை மேலே ஏறி கிடைத்த சந்தில் வெளியேற வேண்டியதுதான். அதில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டார்களோ, கண் எரிந்திருக்காதா?

அப்புறம் முகப்பு. இரண்டு ஓரத்திலும் மாடி அறைகள் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், நடுக்கூடம் உள்ளடங்கி நிற்கும், ஆனால் கூரை மட்டும் ஒரே நேர்கோட்டில் போகும், நடுவில் தொங்கும் இறவாரத்தை வளைந்த மரக்கைகள் தாங்கிப் பிடிக்கும். வீல்டன் வீடு என்கிறார்கள் இந்த பாணியை. கணக்குப் போட்டுச் செய்த அழகு.

சிதைந்து கிடந்த இந்த கிளர்ஜி ஹவுஸை 1896-இல், பழைய இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் வாங்கியது, அவர்கள் வாங்கிய முதல் கட்டடமே இதுதான். விலை 10 பவுண்டு. பழுது பார்க்கத்தான் காசு எக்கச்சக்கமாக ஆனதாம்.