பதிவேட்டில் குறைவாகத் தெரிந்த ஆறு மிதவைகள்

2011-ல் மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்ப்புத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். கையில் ஒரு பதிவேடு, ஒரு தராசு. மிதவைக்கு எத்தனை கிலோ வருகிறதோ அதை உயர்த்துவதுதான் என் வேலை.

பாசிக்கு அது நல்ல காலம். நாங்கள் வளர்த்த கப்பாபைகஸ் என்ற பாசி நம் கடலின் பாசி இல்லை. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்துப் பார்த்து, 2000 வாக்கில் பெப்சிகோ இறங்கிய பிறகுதான் வடகடல் (பாக் நீரிணை) கரையில் தொழிலாக நிலைத்தது. கணக்கும் எளிது. 12 அடிச் சதுர மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் 260 கிலோ வரை வரும். 60 கிலோவை விதைக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் காயப்போட்டால் 20 கிலோ தேறும். ஆளுக்கு 45 மிதவை இருந்தால் தினம் ஒன்று அறுக்கலாம். தென்கடல் (மன்னார் வளைகுடா) தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்துவந்த பெண்களுக்கு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே கூலி கிடைத்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தப் பாசியால்தான்.

எங்கே நன்றாக வளர்கிறதோ அங்கேயே எல்லா மிதவைகளையும் நெருக்கிக் கட்டச் சொன்னோம். நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு அக்கா மட்டும் ஆறு மிதவைகளைத் தள்ளி, ஆழமான இடத்தில் விட்டிருந்தார். அங்கே ஓரா மீன் வந்து மேயும், எடையும் குறையும். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'விளைச்சல் குறைவு' என்று எழுதினேன். "எல்லாத்தையும் ஒரே இடத்துல கட்டிட்டு நான் தூங்கணுமா தம்பி?" என்றார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

2012-ல் இந்தக் கரையின் காய்ந்த பாசி ஆயிரம் டன்னைத் தாண்டியது. அடுத்த வருடமே கடல் சூடேறியது. ஆழமில்லாத இடத்தில் கட்டிய பாசி வெளுத்து, தொட்டாலே கையோடு நழுவி வந்தது. துண்டை ஒடித்து ஒடித்தே பெருக்கிய பாசி அல்லவா, எல்லாம் ஒரே தாயின் கிளைகள். ஒன்றைத் தாக்கும் சூடு அத்தனையையும் தாக்கும். எங்கள் குழுக்களில் மறுபடி கட்ட விதைகூட மிஞ்சவில்லை. அக்காவின் ஆறில் மூன்று பிழைத்தன. அந்த மூன்றிலிருந்துதான் எங்கள் குப்பத்தில் மறுபடி கயிறு கட்டினோம். அவர் விதையைக் காசுக்குக் கொடுக்கவில்லை, கடனாகக் கொடுத்தார். 60 கிலோவுக்கு 60 கிலோ.

புதுமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பச்சைப் பாசியைப் பிழிந்து சாற்றைப் பயிருக்குத் தெளிக்கும் திரவமாகவும், சக்கையை, உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கராஜீனன் எடுக்கவும் பிரிக்கும் முறை வந்தது பெரிய உதவி. பச்சையாகவே எடுத்துக்கொண்டால் மழைக்குப் பயந்து காயப்போடும் பாடு குறையும், 'மண் கலந்திருக்கு' என்று விலையைக் குறைப்பதும் குறையும். ஒரே பாசிக்கு இரண்டு சந்தை. ஆனால் இதே பாசி 2008-லேயே தென்கடலின் குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்து கிடந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். பயிற்சிக் கூட்டங்களில் நாங்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

அப்புறம் பதிவேட்டில் 'தனியே வைத்த விதை' என்று ஒரு கட்டம் போட்டேன். மேலே அனுப்பும் படிவத்தில் அதற்கு இடமில்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.