தாகத்துக்குத் தா

அம்மா எழும்பி நடந்தால் பாலையூற்று லூர்து மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி என்று நேர்த்தி வைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. நாங்கள் சைவக்காரர். அம்மா சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியபோது தவக்காலம் வந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு காலை, திருகோணமலை நகரிலிருந்து அக்காவும் நானும் ஓட்டோவில் கிளம்பினோம்.

எங்கள் ஊர்ச் சைவர் ஒருவர் சிலுவையைக் கண்டதும் உருகிவிட மாட்டார். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பாட்டி சொல்லித் தெரிந்த கதை. ஓட்டோவில் அதை அக்காவிடம் சொன்னேன்; சொல்லியிருக்க வேண்டாம். அவர் கோபிக்கவில்லை. "இடித்தவன் இயேசுவிடம் கேட்டுவிட்டா இடித்தான்?" என்று மட்டும் கேட்டார்.

பாலை மரமும் ஊற்றும் சேர்ந்த பெயர் பாலையூற்று. லூர்து கதையும் ஓர் ஊற்றின் கதைதான். மாதா சிலை இருக்கும் குகை போன்ற கெபியின் முன் மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தபடியே அக்கா அதைச் சொன்னார். 1858, பிரான்சின் மலையடிவார ஊர். பெர்நதெத் என்ற 14 வயதுச் சிறுமி. தகப்பன் மாவு ஆலையை இழந்தவர். கைவிடப்பட்ட சிறைச்சாலையின் ஒற்றை அறையில் குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாது, ஆஸ்துமா வேறு. விறகு பொறுக்கப் போன இடத்தில் மாதா காட்சி கொடுத்தார், மொத்தம் 18 தடவை. ஒருநாள் மாதா காட்டிய இடத்தைக் கையால் தோண்டினாள். சேறுதான் வந்தது. முகமெல்லாம் சேற்றோடு நின்றவளைப் பார்த்துச் சனம் சிரித்தது. பிறகு சேறு தெளிந்து ஊற்றானது.

எனக்கு ஊற்றைவிட வேறொன்று பிடித்தது. தயவுசெய்து பதினைந்து நாள் இங்கே வருவீர்களா என்று கேட்டபோது, மாதா அந்தச் சிறுமியை 'நீங்கள்' என்றே அழைத்தாராம். (நானோ 'அவள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.) சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனை வரிசையில் அம்மாவை "ஏய் கிழவி, இங்கே வா" என்று கூப்பிட்ட குரல் நினைவுக்கு வந்தது. கொடுத்தது சரியான மருந்துதான். அம்மா வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

பூசை தொடங்கியது. குருவானவர் ஊதா உடுப்பில். பீடத்தில் ஒரு பூவும் இல்லை. அன்றைய நற்செய்தி யோவான் 4ஆம் அதிகாரம். உச்சி வெயில். நடந்து களைத்த இயேசு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். சமாரியப் பெண் ஒருவர் தண்ணீர் மொள்ள வருகிறார். யூதர் சமாரியரோடு புழங்காத காலம். கிணற்றுத் தீட்டு எங்களுக்கா விளங்காது? என் தாத்தாவின் யாழ்ப்பாணத்தில், வாளியைத் தொடவிடாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை மனிதரைக் காக்கவைத்த கிணறுகள் இருந்தன. இங்கே கதை தலைகீழ். கடவுளின் மகன் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறவர், ஒதுக்கப்பட்ட பெண்ணின் முன் கையேந்துகிறார். "குடிக்க எனக்குத் தண்ணீர் கொடும்." அந்தப் பெண்ணுக்கு ஐந்து கணவர்கள் இருந்ததும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் விரட்டவில்லை, வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பெண்ணோ குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஊருக்குள் போய்ச் சேதி சொல்கிறார்.

குருவானவர் நீட்டவில்லை. இதே நற்செய்தியில் இயேசு இன்னொரு முறையும் தாகம் என்கிறார், சிலுவையில். அங்கே கிடைத்தது புளித்த திராட்சை இரசம் என்றார். கடவுள் மனிதரானார் என்பதைக் கோட்பாடாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கடவுளுக்குத் தொண்டை காயும் என்று யோசித்ததில்லை. பசித்தவருக்குக் கொடுத்தது எனக்கே கொடுத்தது என்று மத்தேயு 25இல் அவர் சொல்வதும் அப்போதுதான் பிடிபட்டது. கேட்டு நிற்பவர் அவரே என்றால், கொடுப்பவர் மேலே ஏறி நிற்க இடமேது? எல்லோரும் நற்கருணை வாங்கப் போக, நான் பின்வரிசை வாங்கில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அந்தக் 'கொடும்' என்ற மரியாதையை வியந்தேன். அக்கா மெதடிஸ்த (புரட்டஸ்தாந்து) குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரை மணந்தவர். "எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தில் 'தாகத்துக்குத் தா' என்றுதான் இருக்கும்" என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. அந்த மொழிபெயர்ப்பில் அந்தப் பெண்ணும் 'அவள்'தான்.

அக்கா விடவில்லை. "நீங்கள் கோணேசரிடம் 'தாருங்கள்' என்றா கேட்கிறீர்கள்? தொண்டை காய்ந்தவனுக்குத் 'தா' தான் வரும். 'கொடும்' என்கிறவன் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவான்."

பதில் சொல்லத் தெரியவில்லை.

வீடு வந்தபோது நல்ல வெயில். திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, தண்ணீர் தா." நோய்க்கு முந்தைய பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. நானே போய் எடுப்போம் என்று எழும்புவதற்குள், உள்ளே கால் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு கை சுவரில், மறு கையில் செம்பு. பாதி வழியிலேயே சிந்தியிருந்தது.