மோர் குடித்தால் சீனி இறங்குமா?

மட்டக்களப்பில் சட்டித் தயிருக்குப் பஞ்சமில்லை, சீனி வருத்தக்காரருக்கும் பஞ்சமில்லை, அதனால்தான் ‘தினமும் மோர் குடி, சீனி இறங்கும்’ என்ற வாட்ஸ்அப் செய்தி எங்கள் குடும்பக் குழுவில் மாதம் தவறாமல் வந்து விழுகிறது.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், வாரத்துக்குக் குறைந்தது 2 கோப்பை தயிர் சாப்பிடுவது இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்று தயிர்க் கம்பனிகள் எழுதிக்கொள்ள இடம் கொடுத்தது. ஆதாரம் மட்டுப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அனுமதி கேட்டுப் போனதும் ஒரு தயிர்க் கம்பனிதான்! அதோடு அது நோய் வராமல் இருப்பதைப் பற்றிய பேச்சு. வந்தவர் குளிசையை நிறுத்திவிட்டு மோர் குடிக்கலாம் என்று எங்கேயும் இல்லை. ஈரானில் நோயாளிகளுக்கு 8 கிழமை கெபிர் என்ற புளித்த பால்பானம் கொடுத்த சிறிய ஆய்வொன்றில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) இறங்கியது உண்மை, ஆனால் கெபிர் ஈஸ்டும் சேர்ந்து புளிக்கிற வேறு சாமான், எங்கள் உறைமோரில் வருவதல்ல.

எனக்கென்றால் தயிரை விட அதோடு சேர்கிறதுதான் பயம். எங்கள் மாமி சோற்றில் எருமைத் தயிரை விட்டு, வாழைப்பழத்தை உரித்துப் போட்டு, சர்க்கரையைச் சுரண்டிச் சேர்த்துப் பிசைவார், கேட்டால் “தயிர் குளிர்ச்சிதானே புள்ள” என்பார். தயிர் குளிர்ச்சிதான், அந்தச் சோறும் பழமும் சர்க்கரையும்? பால் புளிக்கும்போது அதிலுள்ள சீனியில் ஒரு பங்கைத்தான் கிருமி தின்னும், மிச்சம் தயிரிலேயே கிடக்கும். எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவில் வரும், பசும்பாலில் 4 தான். தயிரைத் தண்ணி விட்டுக் கலக்கினால் அது தண்ணித் தயிர், வெண்ணெய் எடுத்தால்தான் கொழுப்புக் குறைந்த மோர். அதில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு மத்தியானம் சோடாவுக்குப் பதிலாகக் குடித்தால் லாபம்தான். பிரஷர் இருந்தால் உப்பில் கை வைக்க வேண்டாம். கடையில் போத்தலில் வரும் ஸ்ட்ரோபெரி தயிர்ப் பானத்தை மோர்க் கணக்கில் சேர்க்காதீர்கள், லேபலைத் திருப்பிப் பாருங்கள், சீனி எத்தனையாவதாக நிற்கிறது என்று.

இரத்தத்துக்கு வந்தால் கதை இரண்டு பக்கமும் போகும். மெட்போர்மின் என்ற சீனிக் குளிசையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், குறைந்தால் இரத்தச்சோகை வரும், கால் விறைப்பும் வரும், அதைச் சீனியால் வந்த விறைப்பென்று விட்டுவிடுவார்கள். தயிரில் பி12 உண்டு, மரக்கறிக்காரருக்கு அது பெரிய உதவி. ஆனாலும் விறைப்பு இருந்தால் கிளினிக்கில் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மற்றப் பக்கம், இரும்புக் குளிசையைத் தயிரோடோ மோரோடோ விழுங்கினால் கல்சியம் இரும்பை உடம்பில் சரியாகச் சேர விடாது. பிளேன்டீயும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே குளிசைக்குத் தண்ணி, இரண்டு மணித்தியாலம் கழித்து மோர்.

சிறுநீரகம் பழுதென்று டொக்டர் சொல்லியிருந்தால் மட்டும், எவ்வளவு மோர் குடிக்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பாலிலுள்ள பொஸ்பரசும் பொட்டாசியமும் அவர்களுக்கு வேறு பிரச்சினை.