தாராவியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அயர்ன் மெய்டன்

வெளிநாட்டு ராக் குழு ஒன்று இந்தியாவுக்கு வருகிறது என்றால் அதற்கு ஊரில் மார்க்கெட் போய்விட்டது என்று பெங்களூர் ரசிகர்களுக்குள் ஒரு குசும்புப் பேச்சு ரொம்ப நாளாக உண்டு. டீப் பர்ப்பிள் 2001இல் வந்தது. அடுத்த வருடம் ரோஜர் வாட்டர்ஸ், அதற்கடுத்த வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ். எல்லோரும் அரண்மனை மைதானத்துக்குத்தான் வந்தார்கள். எல்லோருமே நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனாலும் ஊர் சுற்றிப் பார்க்க வந்த பெரியவர்களை வரவேற்ற மாதிரி ஒரு நினைப்பு எங்களுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதை உடைத்தது இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன். பெங்களூரில் உடைக்கத் தொடங்கி, மும்பையில் சுத்தமாக உடைத்துப் போட்டது.

2007 மார்ச் 17, சனிக்கிழமை, அரண்மனை மைதானம். டில்லியின் ராக் குழு பரிக்ரமா முதலில் வாசித்தது. மெய்டனில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸும் பாடினார். அப்புறம் மெய்டன். அந்த இரவைப் பற்றிப் பெங்களூரில் யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள், அதனால் நான் விட்டுவிடுகிறேன். எங்கள் அல்சூர் கூட்டத்துக்கு மறுநாள் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

மும்பைதான் எனக்கு முக்கியம். 2008 உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் நிகழ்ச்சியை அவர்கள் மும்பையில் வைத்தார்கள். பிப்ரவரி 1, பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ். லண்டன், நியூயார்க், டோக்கியோ எல்லாம் இருக்க, முதல் ராத்திரி நமக்கு! ஒரு குழுவைத் துரத்தித் துரத்திப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டால் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பது மறுநாளே உலகம் முழுக்கத் தெரிந்துவிடும். நாம் போய் நிற்கும்போது அது ஏற்கெனவே கதை கேட்டுவிட்டுப் பார்க்கிற படம். முதல் ராத்திரி மட்டும்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாது. 1984-85இல் அவர்கள் எகிப்திய மேடை போட்டு உலகம் சுற்றிய காலத்தைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இன்னொரு விசேஷமும் இருந்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் நிஜமாகவே விமானி. ஒரு போயிங் 757இல் பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு, மேடைச் சாமான்களை ஏற்றி, குழுவையும் ஆட்களையும் உட்கார வைத்து, அவரே விமானி இருக்கையில் உட்கார்ந்து நாடு நாடாகப் போகிற ஏற்பாடு. விமானத்தின் வாலில் அவர்களுடைய சின்னமான எட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு.

அவர்களுக்கு போயிங், எங்களுக்கு உத்யான் எக்ஸ்பிரஸ். ராத்திரி பெங்களூரில் ஏறினால் குண்டக்கல், ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர் என்று ஒரு முழுப் பகலையும் ஜன்னலோரம் தின்றுவிட்டுத்தான் மும்பையில் கொண்டுபோய் விடும். ஸ்லீப்பர் பெட்டியில் ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கறுப்பு டி-சர்ட்டாவது இருந்தது. ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, ஆனால் சட்டையைப் பார்த்ததும் சிரித்துக்கொள்கிறோம். வாடியில் வண்டி நின்றபோது ஒரு பையன் பிளாட்பாரத்தில் கிட்டார் இல்லாமலே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். டீ விற்றுக்கொண்டு வந்தவர் கொஞ்சம் ஒதுங்கிப் போனார்.

தாதரில் இறங்கி லோக்கல் பிடித்து சயான் போய், அங்கிருந்து தாராவி. சித்தப்பா வீடு 90 அடி சாலைக்குப் பக்கத்தில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிப்போன பல குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தச் சாலையில் நடந்தால் தமிழ்ப் பலகைகள், பிள்ளையார் கோயில், தட்டில் இட்லி ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஆட்கள். மும்பைத் தமிழர் என்றதும் மாட்டுங்காவையும் அங்கே கிடைக்கும் ஃபில்டர் காபியையும் மட்டுமே எழுதுகிறவர்கள் இந்தப் பக்கமும் ஒரு நடை வரலாம். (வெள்ளிக்கிழமை காலை நானும் மாட்டுங்கா போய் அந்தக் காபியைக் குடித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.)

என் சட்டையில் இருந்த எட்டியைச் சித்தப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிதுங்கின கண், தோல் உரிந்த முகம், கையில் வாள்.

"என்னல இது, நம்ம சுடலைமாடன் கணக்கா நிக்கான்?"

உண்மையில் அதைவிடப் பொருத்தமாக யாரும் எட்டியை விளக்கி நான் கேட்டதில்லை. கடைசியில் ஆள் உயரத்துக்கு மேல் அவனே மேடைக்கு வந்து ஆடுவான், கூட்டம் கை தூக்கிக் கத்தும். கொடைக்குப் போன எவனுக்கும் இது புதிதில்லை.

"பாடுதவனுக்கு என்ன வயசு?"

"நாற்பத்தொன்பது, சித்தப்பா. பேஸ் கிட்டார்காரருக்கு அம்பத்தொண்ணு. டிரம்ஸ் அடிக்கிறவருக்கு அம்பத்தஞ்சு."

"என்னைவிட மூத்தவனா? நான் ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குது." பிறகு விமானக் கதையைச் சொன்னேன். அதோடு பாட்டு, வயசு எல்லாம் போய்விட்டது. "அவனே ஓட்டிட்டு வாரானா?" என்று சித்தியைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

மைதானத்துக்கு வண்டியே தேவையில்லை. தாராவியையும் கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கும் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸையும் பிரிப்பது மித்தி ஆறுதான். ஆறு என்று பெயர், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்க வேண்டும். சித்தப்பா கேட் வரைக்கும் துணைக்கு வந்தார். "அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை இருக்கு, இன்னைக்காவது பாக்கேன்" என்றார். சயான்-பாந்திரா இணைப்புச் சாலையில் கறுப்புச் சட்டைகளின் ஊர்வலத்தில் கட்டம் போட்ட சட்டையும் செருப்புமாக அவர் ஒருத்தர்.

கேட் வாசலில் வரிசை நீண்டு கிடந்தது. ஷில்லாங்கிலிருந்து வந்தவர்கள், கொச்சியிலிருந்து வந்தவர்கள், சென்னையிலிருந்து ராத்திரி பகலாகப் பயணம் செய்து கண் சிவந்த ஒரு கல்லூரிக் கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற பையன் மணிக்கட்டில் இரும்பு முள் வைத்த பட்டை கட்டியிருந்தான். சித்தப்பா ஒரு வார்த்தை கேட்காமல் அவன் கையைப் பிடித்து, பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடி, புரட்டி, தையலைப் பார்த்தார். அவன் திகைத்துப் போனான். "தோல் இல்லல இது, ரெக்சின். ஏமாத்திட்டான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவனுக்குப் புரியட்டும் என்று இந்தியில் ஒருமுறை சொல்லிவிட்டு, வீட்டுக்குத் திரும்பினார். அந்தப் பட்டையையும் சோதனையில் பிடுங்கிக்கொண்டார்கள். என் பெல்ட்டும் போயிற்று, சில்லறைக் காசும் போயிற்று. உள்ளே தண்ணீர் பாட்டிலை மூடி கழற்றித்தான் கொடுத்தார்கள், விலையைச் சொல்லாமல் விடுகிறேன்.

விளக்கு அணைந்து முதலில் வந்தது சர்ச்சிலின் குரல். 1940 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் பேசிய போர்ப் பேச்சு. அதையடுத்து பிரிட்டிஷ் போர் விமானிகளைப் பற்றிய 'ஏசஸ் ஹை' வெடிக்க வேண்டும். ரசிகனாக எனக்கு அந்த ஒழுங்கு மனப்பாடம், மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் வங்காளத்தில் 1943 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது லண்டனில் பிரதமராக இருந்த ஆளும் இவர்தான். மும்பையில் ஆயிரக்கணக்கான இந்தியப் பிள்ளைகள் அந்தக் குரலுக்குக் கை தூக்கிக் கத்துகிறோம். பக்கத்தில் நின்ற என் நண்பன் மட்டும் பேச்சு முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முதல் கிட்டார் விழுந்ததும் எல்லோரையும்விட உயரமாகக் குதித்தவனும் அவன்தான். எனக்கு இரண்டுமே சரியென்று பட்டது.

ஸ்டீவ் ஹாரிஸை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பேஸின் உடம்பில் அவருடைய வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் சின்னம். ஒரு காலை முன்னால் ஊன்றி, துப்பாக்கி நீட்டுவதுபோல பேஸைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார். விரல்கள் குதிரை ஓடுகிற தாளத்தில் விழுகின்றன. பாடுவது புரூஸ், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் இவர் வாயும் அசைகிறது. 1975இல் இந்தக் குழுவை ஆரம்பித்தவர் இன்னமும் ரசிகர்களில் ஒருத்தர் மாதிரி கூடவே பாடுகிறார்.

பாதி நிகழ்ச்சியில்தான் அது வந்தது. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 1798ஆம் வருடக் கவிதையை வைத்துச் செய்த, பறவையைக் கொன்ற மாலுமியின் கதை. 1984ஆம் வருட ஆல்பத்தில் 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்' பாட்டு. அதை அவர்கள் மேடையில் வாசித்து அப்போது இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் தலைமுறை அதை கேசட்டில் மட்டுமே கேட்டிருக்கிறது. முதல் ஸ்வரத்திலேயே புரிந்துவிட்டது, எனக்குப் பின்னால் யாரோ அழத் தொடங்கினார்கள். நடுவில் காற்று நின்றுபோய்க் கப்பல் கடலில் அசையாமல் கிடக்கும் இடம் வரும். டிரம்ஸ் ஓய்ந்துவிடும். மரம் கிறீச்சிடும் ஓசை, மெல்லிய பேஸ், ஒரு குரல். அவ்வளவு பெரிய மைதானம் அந்த நேரம் மூச்சுவிடப் பயந்தது. அந்த இருட்டிலிருந்து மூன்று கிட்டாரும் எழுந்து வந்தபோது நான் யார் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. என் நண்பனுடையது இல்லை.

பிறகு 'ஃபியர் ஆஃப் தி டார்க்'. எண்பதுகளின் பாட்டுகளுக்கான சுற்றுப்பயணத்தில் 1992ஆம் வருடப் பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கிட்டார் மெட்டைக் கூட்டம் முழுக்க வாயால் பாடுகிற பாட்டு, அதை எப்படி விடுவார்கள்?

இணைப்புச் சாலையில் திரும்பி வரும்போது காது ரெண்டும் ரீங்காரம் போட்டது. பெங்களூரில் தங்கிப்போனவர்களிடமிருந்து மெசேஜ் மேல் மெசேஜ்: என்னென்ன வாசித்தார்கள்? நடந்துகொண்டே வரிசையாகத் தட்டி அனுப்பினேன். வீட்டில் விளக்கு எரிந்தது. மீன் குழம்பு ஆறிப்போயிருந்தது.

"மாடியில நின்னு கேட்டோம், காத்துல நல்லா வந்துச்சு" என்றார் சித்தப்பா. "நடுவுல சத்தம் நின்னுச்சுல்ல, முடிஞ்சுதுன்னு நினைச்சு ஒங்க சித்தி சோத்தைப் போட்டு வச்சிட்டா. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அடிக்கானுவ!"

"அது பாட்டுக்கு நடுவுல வர்ற இடம், சித்தப்பா."

"சரி. அடுத்து எங்க போறானுவ?"

"ஆஸ்திரேலியா. நாலாம் தேதி பெர்த்தில் நிகழ்ச்சி."

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "ராத்திரி பூரா இப்படிக் கத்திட்டு, விடிஞ்சதும் அவன் எப்படில விமானம் ஓட்டுவான்?"

"நடுவுல ரெண்டு நாள் இருக்கு, சித்தப்பா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.