எந்த ‘டி’?

ஆங்கிலத்தில் டெல்லிக்கு முதலில் வரும் எழுத்தையும் ட்ரெயினுக்கு முதலில் வரும் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘டி’தான். பஸ்ஸின் முதலெழுத்தும் போலீஸின் முதலெழுத்தும் ஒரே ‘பி’தான். வேலூரில் ஒரு மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். இந்தச் சின்ன விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது மூன்றாம் ஆண்டில்தான். என் கவனக் குறைவால் அன்றைக்கு அலைந்தது நான் அல்ல, பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு பீடித் தொழிலாளி.

அது 2004ஆம் ஆண்டு. மறுநாள் அறுவை சிகிச்சைப் பட்டியலில் ஓர் இடம் காலியாகிவிட்டது என்றும், காத்திருப்போரில் டி. சரோஜாவை வரச் சொல்லுங்கள் என்றும் வார்டிலிருந்து இன்டர்காமில் சொன்னார்கள். (பெயரை மாற்றியிருக்கிறேன், முதலெழுத்தை மாற்றவில்லை.) என் நோட்டில் ‘டி. சரோஜா’ என்று இருந்தது. அதற்கு நேரே இருந்த எண்ணை அழைத்தேன். அது அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையின் எண். கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீரும் குடிக்க வேண்டாம், விடிவதற்குள் வந்துவிடுங்கள் என்று நான் தெளிவாகத்தான் சொன்னேன். அவரும் மகளை அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் குடியாத்தம் வழியாக வந்து சேர்ந்தார். வார்டில் இருந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர்கள் கூப்பிடச் சொன்னது ஒடுகத்தூர் சரோஜாவை. அவர் தங்கவேலின் மகள். வந்து நின்றவர் தாமோதரனின் மகள். ஆங்கிலக் கோப்பில் இருவருக்கும் வெவ்வேறு எழுத்து. தமிழில் எழுதப்பட்ட என் நோட்டில் இருவருக்கும் ஒரே எழுத்து.

“நேத்து ராத்திரிலேர்ந்து பச்சத்தண்ணி கூட குடிக்கலம்மா. பேரு இல்லன்னா இன்னா அர்த்தம்?” என்று அவர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார். உதடு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. கையில் மடித்த மஞ்சள் பை. அதற்குள் மாற்றுப் புடவையும் ஒரு தட்டும் டம்ளரும் இருந்தன. ஒரு நாள் பீடி சுற்றும் கூலி போயிற்று, மகளுக்குப் பள்ளி போயிற்று. ஒடுகத்தூர் சரோஜாவுக்கோ கிடைத்த இடமும் கைநழுவிப் போயிற்று. மருத்துவமனை ஒவ்வொரு நோயாளிக்கும் தரும் பதிவு எண்ணையும் கேட்டுச் சரிபார்த்திருந்தால் இது நடந்திருக்காது. நான் கேட்கவில்லை. வார்டில் இருந்தவர் சொல்லவும் இல்லை.

எங்கள் இரவுப் பணியில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். ஊர் கம்மவான்பேட்டை. அந்த ஊரிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் அதிகம் என்பது வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சிக்னல்ஸ் பிரிவில் ஒயர்லெஸ் பெட்டியோடு பல ஆண்டுகள் கழித்தவர். நடந்ததைக் கேட்டவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பி வைத்து இருபத்தாறு சொற்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என்று தொடங்கி ஜூலுவில் முடிந்தது. “எழுத்தச் சொல்லாத பாப்பா, சொல்லச் சொல்லு” என்றார். டெல்லிக்கு வரும் எழுத்து டெல்டா; ட்ரெயினுக்கு வரும் எழுத்து டாங்கோ. எத்தனை இரைச்சலிலும் டெல்டா டாங்கோ ஆகாது.

இந்தப் பட்டியல் யாரோ உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட்டது அல்ல என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைகள் ஏபிள், பேக்கர் என்று தொடங்கும் வேறொரு வரிசையைப் பயன்படுத்தின. அது ஆங்கில நாவுக்கு ஏற்றதாக இருந்தது, மற்றவர்களுக்கு அல்ல. போருக்குப் பிறகு விமானங்கள் நாடு விட்டு நாடு பறக்கத் தொடங்கியதும், ஆங்கிலம், ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்று மொழிக்காரர்களின் வாய்க்கும் செவிக்கும் ஒத்துவரும் சொற்கள் தேவைப்பட்டன. அந்தப் பணியை ஐ.நா. சார்ந்த பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு மேற்கொண்டது; மொழியியல் பேராசிரியர் ழான்-பால் வினே அதில் முக்கியப் பங்காற்றினார். 1951இல் வந்த பட்டியலில் நெக்டர் என்று ஒரு சொல் இருந்தது. அது விக்டர் என்ற சொல்லோடு குழம்பியது. நெக்டரை எடுத்துவிட்டு நவம்பரை வைத்தார்கள். இப்படி ஐந்து எழுத்துகளின் சொற்களை மாற்றிய பட்டியல்தான் 1956 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்து இன்றும் இருக்கிறது. ஃபிரெஞ்சுக்காரர்கள் பிழையாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆல்ஃபாவின் எழுத்துக் கூட்டலை மாற்றினார்கள், ஜூலியட்டின் இறுதியில் ஓர் எழுத்தைக் கூட்டினார்கள். இலக்கங்களுக்கும் அதே அக்கறைதான்: ஒன்பதை ‘நைனர்’ என்கிறார்கள், ஐந்தோடு மயங்காமல் இருக்க. ஓர் எழுத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை பொங்குகிறது.

எழுத்து ஏன் மயங்குகிறது என்பதும் இந்த வேலையில் புரிந்துகொள்ள வேண்டியதே. பி, சி, டி, ஜி, வி என்று ஆங்கில எழுத்துகளில் எட்டு, ஒரே ‘ஈ’ ஓசையில் முடிகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது தொடக்கத்தில் உதடோ நாக்கோ தட்டி விலகும் ஒரு கணம் மட்டுமே. மின்விசிறியின் சத்தமோ பஸ் ஹாரனோ அந்தக் கணத்தில் விழுந்தால் மிஞ்சுவது ‘ஈ’ மட்டும்தான். பழைய தொலைபேசித் தடமோ சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தியது; எஸ், எஃப் ஆகிய இரண்டையும் வேறுபடுத்தும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், அது மறுமுனைக்குப் போய்ச் சேர்வதே இல்லை. எம், என் இரண்டும் மூக்கொலிகள் என்பதால் அவையும் எளிதில் மயங்கும். இவற்றுக்கு மேலே நம்முடைய காரணம் ஒன்று இருக்கிறது. நம் எழுத்தில் க, ட, த, ப ஒவ்வொன்றும் வல்லோசைக்கும் மெல்லிய அதிரும் ஓசைக்கும் பொதுவானது. இடத்தைப் பார்த்து ஓசையை நாமே தருகிறோம். தமிழுக்கு அது குறையே அல்ல. ஆனால் பெயர் தமிழில் சொல்லப்பட்டு, முதலெழுத்து ஆங்கிலத்தில் வைக்கப்பட்டு, அது மறுபடியும் தமிழில் எழுதப்படும்போது, நடுவில் ஒரு மனிதர் தொலைந்துபோக இடம் ஏற்படுகிறது.

ஹவில்தார் ஐயாவின் பட்டியலை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். வார்டுகளுக்கும் ஆய்வகத்துக்கும் அது உடனே பலன் தந்தது. செவிலியர்கள் கற்றுக்கொண்டார்கள், பட்டியலை இன்டர்காமுக்கு மேலே ஒட்டிவைத்தார்கள். வெளியிலிருந்து அழைக்கிறவர்களிடம் அது எடுபடவில்லை. “டாங்கோவா டெல்டாவா?” என்று கேட்டால், “டாங்கோன்னா இன்னாம்மா, ஆஸ்பத்திரில புது பில்டிங்கா?” என்பார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை. அந்தப் பட்டியல் இரு முனையிலும் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அது பட்டியல். தெரிந்தவர்களுக்கு முதலெழுத்தின் ஓசைகூட முக்கியமில்லை, முழுச் சொல்லையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். தெரியாதவருக்கு அந்த முதல் ஓசைதான் எல்லாமே.

ஆகவே நம் ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று நானாக ஒரு வரிசை செய்தேன். ஆம்பூர், ஜோலார்பேட்டை, காட்பாடி, ராணிப்பேட்டை என்று பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எந்த எழுத்துகளுக்குத் துணை தேவையோ, சரியாக அதே எழுத்துகளில் அது கைவிட்டது. காந்தியின் முதலெழுத்துக்குக் குடியாத்தம் என்று வைத்திருந்தேன். ஆங்கிலப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கேட்டவர்களோ குடியாத்தத்தைத் தமிழில் நினைத்து, காட்பாடியின் எழுத்தை எழுதினார்கள். டெல்லியின் எழுத்துக்குத் திண்டுக்கல் என்றால் அவர்கள் ட்ரெயினின் எழுத்தை எழுதினார்கள். வேலூருக்கும் வாலாஜாவுக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்து, நமக்கு இரண்டுமே ‘வ’. இந்த வரிசையை ஒரே மாதத்தில் கைவிட்டேன்.

கடைசியில் உதவியது தெருவில் இருக்கும் பலகைகள். ஆங்கிலம் படிக்காதவர்களும் தினமும் ஆங்கில எழுத்திலேயே பார்க்கிற சொற்கள் சில இருக்கின்றன. பஸ், பேங்க், போலீஸ், டாக்டர், ட்ரெயின், காந்தி ரோடு, கேஸ் சிலிண்டர், மெடிக்கல், நர்ஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. “பஸ்ஸுக்கு வர்ற பி-யா, போலீஸுக்கு வர்ற பி-யா?” என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் கண்ணில் பலகை தெரியும், சட்டென்று பதில் வரும். உலகத்துக்கெல்லாம் பொதுவான பட்டியல் விமானத்துக்குத் தேவை. காட்பாடி ரோட்டில் நின்று பேசுகிறவருக்கு அவர் பார்த்த எழுத்துதான் தேவை என்பது என் தீர்மானம்.

வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவர்களோடு பேசும்போது இதுவும் போதவில்லை. வங்காளி நாவில் ‘வ’ பெரும்பாலும் ‘ப’ ஆகிவிடும். விஜய் பிஜோய் ஆவார். தெளிவுபடுத்துவதற்காக அவர்கள் சொல்லும் ‘வேலூருக்கு வரும் எழுத்து’ என்பதே நம் காதில் ‘பேலோர்’ என்று விழும். அங்கே நான் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, வாங்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகே அடுத்ததற்குப் போவேன். பாதி நிமிடம் அதிகம் ஆகும். வரிசையில் காத்திருக்கும் அழைப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாதி நிமிடத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

பணத்தைத் திருப்பித் தரும் பிரிவில் சில மாதங்கள் இருந்தபோது வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைத் தொலைபேசியில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. பதினோரு இடங்களில் முதல் நான்கும் எழுத்துகள்; ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். எல்லோரும் அதை ‘ஓ’ என்றுதான் படிப்பார்கள். அமைப்பைத் தெரிந்துகொண்டால் காது தவறும் இடத்தில் அறிவு பிடித்துக்கொள்ளும்.

பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்துக்கு மட்டும் இவற்றில் எதையும் நான் பிற்பாடு பயன்படுத்தவில்லை. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஒரு சரோஜாவை இன்னொரு சரோஜாவிலிருந்து பிரிப்பது ஒற்றை எழுத்து. அந்த எழுத்து உண்மையில் எழுத்தே அல்ல, அப்பாவோ கணவரோ அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறார். ஆகவே “எந்த டி?” என்று கேட்பதை விட்டு, “அப்பா பேர் என்னம்மா?” என்று கேட்கத் தொடங்கினேன். அவ்வளவுதான், குழப்பம் தீர்ந்தது. தாமோதரனும் தங்கவேலும் எந்தத் தடத்திலும் மயங்குவதில்லை. தமிழிலேயே முதலெழுத்து வைத்தால் ஒருவர் ‘தா’, மற்றவர் ‘த’. ஆங்கிலத்தில் இருக்கும் வேறுபாடு இன்னும் துலக்கமாகக் கிடைக்கிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். எங்கள் நோட்டில் முதலெழுத்துக்கு இருந்த குறுகிய கட்டத்தை அழித்துவிட்டு, தந்தை அல்லது கணவர் பெயரை முழுதாக எழுதும் அகலத்தில் கோடு போட்டோம். மேலாளரிடம் அதற்கு அனுமதி வாங்க நான்கு முறை நடந்தேன். பக்கம் வீணாகிறது என்பது அவருடைய கவலை. நோட்டு போய்க் கணினி வந்தபோதும் அந்தக் கட்டத்தை விடாமல் கேட்டு வாங்கினோம்.

பேரணாம்பட்டு சரோஜாவுக்கு அந்த ஆண்டே அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு பரிசோதனைக்காகச் சில முறை வந்தார். முதல் முறை என்னைப் பார்த்து அடையாளம் தெரிந்தும் பேசவில்லை. அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. அடுத்த முறை வந்தபோது, முன்னால் நின்ற பையனிடம் புதிதாகச் சேர்ந்த பெண் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள். சரோஜா அவள் தன்னைக் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. மஞ்சள் பையை மேசை மேல் வைத்து, அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்துச் சொன்னார்: “தாமோதரன் சரோஜா வந்துக்கினு கீறேன்னு எழுதிக்கம்மா.”