கொடைக்கானல் பிளம்ஸும் வோட்காவும்

மே மாதத்தில் உறவினர்கள் கொடைக்கானலில் கூடும்போது, சந்தைக்கு வரும் பிளம்ஸ் பழங்களைக் கொண்டே விருந்துக்கான பானத்தைத் தயாரிக்கிறேன். நன்கு கனிந்த பழங்களைக் கொட்டை நீக்கி, தோலோடு சர்க்கரையும் சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டால், தோலின் சிவப்பு நிறமும் புளிப்பும் சாற்றில் இறங்கிவிடும். தோலை உரித்து எறிபவர்கள் பழத்தின் சிறந்த பகுதியையே இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. வடிகட்டிய சாற்றுடன், ஆளுக்கு 45 மில்லி வோட்காவும் சிறிது எலுமிச்சைச் சாறும் நிறைய ஐஸ் கட்டிகளும் சேர்த்துக் குலுக்கி, கண்ணாடிக் குவளையில் ஊற்றிய பிறகே சோடா சேர்க்க வேண்டும். வோட்காவுக்குத் தனி மணம் மிகக் குறைவு என்பதால் பழத்தின் வாசனை மறைவதில்லை. ஆனால் இனிப்பில் அதன் வீரியமும் தெரியாது என்பதால் அளந்தே ஊற்றுங்கள். மலைப்பாதையில் வண்டி ஓட்டி இறங்குபவர்களுக்கு வோட்கா இல்லாத பிளம்ஸ் சோடாவையே கொடுக்கிறேன்.